ஒரு வாசலுக்கு ஒரு ஓம்

எந்தக் கந்தோருக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது கிடைக்காத ஒன்றைத்தான்.

“ஐயா, என்ட காணியை எப்ப விடுவீங்கள்?”

கேட்கப்பட்டவருக்கும் அந்தக் காணிக்கும் ஒரு சம்பந்தமும் இராது. தபாற்கந்தோரில் முத்திரை விற்பவரிடம் கேட்டிருக்கிறார். சங்கக்கடை மனேச்சரிடம் கேட்டிருக்கிறார். ஒருமுறை ஆசுபத்திரியில் நோயாளருக்குத் துண்டு எழுதுபவரிடமும் கேட்டார். மூச்சிழுத்த ஒரு கிழவியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

“அம்மா, இது மருந்தெடுக்கிற இடம்” என்றார் அந்த மனிதர்.

“அப்ப இஞ்ச ஏலாதோ?”

“ஏலாது அம்மா.”

“சரி ஐயா. அப்ப இந்த மனுசிக்கு ஒரு துண்டை எழுதித் தாங்கோ. காலமை தொடக்கம் மூச்சு இழுக்குது.”

எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. அந்த மனிதர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தோம் என்று பிறகு அவருக்கே யோசனையாக இருந்திருக்கும்.

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அவரைக் கச்சேரி அக்கா என்றுதான் சொல்வார்கள். கச்சேரி என்கிற மாவட்டக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர் அல்ல. கடைசி வீட்டின் பக்கத்து அறையில் தனியே இருந்து அப்பம் சுட்டு விற்றார். புருஷன் துறைமுகத்தில் வேலை செய்து, காய்ச்சலில் போனவர். பிள்ளைகள் இல்லை. விடியற்புறம் தொடங்குகிற அப்பம் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் பொதுவான ஆள். ஊர்ப் பொறுப்பான விதானையார் வீட்டுக்கோ, பிரதேசக் கந்தோருக்கோ, டவுணில் கச்சேரிக்கோ யாருக்காவது போக வேண்டியிருந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

போவதற்கென்று இளநீல நிறத்தில் ஒரு சீலை வைத்திருந்தார். அதைக் கோயிலுக்கும் கட்டமாட்டார், கலியாண வீட்டுக்கும் கட்டமாட்டார். அந்தச் சீலை ஒழுங்கையால் வந்தால் யாருடைய அலுவலோ இன்றைக்கு நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

அவருடைய கொள்கையை ஒருநாள் பஸ்சில் எனக்கு விளக்கினார். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்து, அட்டையைக் காட்டி, மறுபக்கத்தில் திரும்ப ஏறியிருந்தோம். ஏறிய களைப்போடு சொன்னார்.

“கந்தோரில இருக்கிற மனுசருக்கு ஒரு நாளைக்கு ஒருக்காவது ‘இல்லை’ எண்டு சொல்லாட்டிச் சோறு செமிக்காது, பிள்ளை. அது அவையின்ட பிழை இல்லை. அந்தக் கதிரை அப்பிடி. அந்த இல்லையை நாங்கள் முதல்லயே வாங்கிப்போட வேணும். வாங்கினாப் பிறகு அந்த மனுசனுக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்து எங்கட அலுவலைக் கேட்டால் ஓம் எண்டுவார்.”

“ரெண்டு அலுவல் இருந்தால்?”

“மற்றதுக்கு மற்ற நாள் வா. ஒரு வாசலுக்கு ஒரு ஓம்தான்.”

வாங்குகிற இல்லை உறுதியான இல்லையாக இருக்கவேண்டும் என்பது இதில் முக்கியம். அரைகுறையாகப் ‘பார்ப்பம்’ என்று இழுத்தால் பலிக்காது. அதற்கு அவருடைய காணியை விடத் தோதான ஒன்று திருகோணமலையில் இருக்க முடியாது. துறைமுகத்துக்குப் பின்பக்கத்துச் சரிவில் ஒரு வீடும், ஒரு கிணறும், ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும். சண்டை தொடங்கிய காலத்தில் கடற்படை வேலியை அகலமாக்கியபோது மூன்றும் வேலிக்குள் போய்விட்டன. டவுணுக்குப் போகும் பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது மாமரத்தின் தலை மட்டும் தெரியும். அந்த இடத்தில் அக்கா கதையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். “இந்த முறை பூ குறைவு” என்பார். அவ்வளவுதான். பிறகு விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.

கச்சேரியில் ஒரு கிளாக்கர் ஒருமுறை அவரை மடக்கப் பார்த்தார்.

“காணி உங்கட எண்டதுக்கு உறுதிப் பத்திரம் இருக்கோ?”

“இருக்கு ஐயா.”

“எங்க?”

“அலுமாரிக்குள்ள.”

“அப்ப அலுமாரியில இருந்து எடுத்துக்கொண்டு வாறதுதானே?”

“அலுமாரி வீட்டுக்குள்ள.”

“வீடு?”

“அதைத்தானே ஐயா கேட்கிறன்.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். கிளாக்கர் முகம் சிவந்து, “அதுக்கு இஞ்ச ஒண்டும் செய்யேலாது” என்றார். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினார். கூட வந்திருந்த மீன்காரரின் தொழிற் பாஸ் அன்றே கிடைத்தது.

அவர் கந்தோரில் கதிரையில் இருக்கமாட்டார். இருக்கச் சொன்னாலும் நிற்பார். நின்றால்தான் கெதியில் அனுப்பப் பார்ப்பார்கள், அனுப்புவதற்காகவேனும் எதையாவது தருவார்கள் என்பது அவர் கணக்கு. பியோனிடம் மட்டும் இந்த வித்தையெல்லாம் காட்டமாட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. பியோனுக்கு வாழையிலையில் சுற்றிய இரண்டு அப்பம் போகும்.

டவுணில் மான்கள் மாடுகளைப் போல் வீதியில் திரியும். கச்சேரி வளவிலும் நிற்கும். ஒருநாள் வரிசையில் நின்ற கிண்ணியா வியாபாரி ஒருவரின் கையிலிருந்த மனுவை ஒரு மான் பின்னாலிருந்து இழுத்துத் தின்றுவிட்டது. அவர் தலையில் கைவைத்தார். அக்கா போய், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, “நானா, கவலைப்படாதைங்கோ. உங்கட இல்லையை மான் திண்டுட்டுது. இனி உள்ள போங்கோ, ஓம்தான்” என்றார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

இதையெல்லாம் நான் முழுதாக நம்பினேன் என்று சொல்லமுடியாது. அக்கா இல்லாமல் போனவர்களுக்கும் அலுவல் நடந்தது. அக்காவோடு போயும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. ஆனால் ஒழுங்கையில் அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. இன்றைக்கு அக்கா யாரோடு போவது என்று பெண்களுக்குள் சண்டைகூட வந்தது.

ஒருமுறை எங்கள் முன்வீட்டுப் பெண் அவசரத்தில் தனியே போனவள், அதே கேள்வியைத் தானே கேட்டுவிட்டாள். “எங்கட அக்கான்ட காணியை எப்ப விடுவீங்கள்?” என்று. இல்லையும் கிடைத்தது, பிறகு அவளுடைய நிவாரண அட்டையும் சரிவந்தது. கேள்விப்பட்ட அக்காவுக்கு வந்த கோபத்தைப் போல் நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

“அது என்ட ‘இல்லை’. உனக்குத் தேவையெண்டால் உன்ட இல்லையைத் தேடிக்கொண்டு போ!”

இரண்டு கிழமை அந்த வீட்டுக்கு அப்பம் போகவில்லை. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. காணி போனதற்குக்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

அவரை நான் நெருங்கி அறிந்தது என் தம்பியின் அலுவலால். தம்பி, சண்டைக்கு முந்திய கலவரத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தபோது பிறந்தவன். அந்த நேரம் பிறப்பைப் பதிய யாருக்கும் நினைவில்லை. எங்கள் தகப்பனாரும் அந்த வருஷமே செத்துப்போனார். பிறப்புப் பதிவு இல்லாததால் பதினாறு வயது தாண்டியும் அவனுக்கு அடையாள அட்டை எடுக்க முடியவில்லை. அட்டை இல்லாத பெடியன் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் லொறியில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய எல்லோரும் திரும்பி வந்ததில்லை. அம்மா அவனைக் கடைக்குக்கூட விடாமல் வீட்டுக்குள் வைத்திருந்தார். அவன் குசினி யன்னலடியில் இருந்து தேங்காய் துருவிக் கொடுப்பான். வாகனச் சத்தம் கேட்டால் அம்மா யன்னலைச் சாத்திவிடுவார்.

காலம் கடந்த பிறப்பைப் பதிவதற்குப் பிரதேசக் கந்தோரில் ஒரு அதிகாரி விசாரித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். இருந்த அதிகாரி அதைக் கொண்டுவா, இதைக் கொண்டுவா என்று எங்களை அலைக்கழித்தார். அக்காவோடு போன முதல் முறையும் அவர் லீவில். இரண்டாம் முறை அக்கா காணியைக் கேட்டபோது அந்த மனிதர் வாயே திறக்கவில்லை, கையால் போ என்று காட்டினார். வெளியே வந்து அக்கா, “இது இல்லையுமில்லை, ஓமுமில்லை. இந்தாள் மாறிப் போகட்டும்” என்றார். மாறித்தான் போனார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் மட்டக்களப்பு ஆள். மெதுவான குரல். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் துளசி வைத்திருந்தார். அன்று தம்பியையும் நேரில் காட்டவேண்டும் என்றதால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைக் கூட்டிப் போயிருந்தோம். சாவடியில் அக்கா தம்பியின் தோளில் கைபோட்டு, “வலிப்பு வாற பிள்ளை, ஆசுபத்திரிக்கு” என்று சிங்களத்திலும் தமிழிலும் கலந்து சொல்லிக் கடத்திவிட்டார்.

அக்கா மேசைக்கு முன்னால் வழக்கம்போல் நின்றார். நானும் தம்பியும் பின்னால் சுவரோடு நின்றோம்.

“ஐயா, என்ட காணியை எப்ப விடுவீங்கள்?”

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தக் காணி அம்மா?”

அக்கா சொன்னார். சரிவு, வேலி, கிணறு, மாமரம், அலுமாரி. சொல்லி முடித்துவிட்டு இல்லைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்துக் கதிரையைக் காட்டி, “இருங்க அம்மா” என்றார். அக்கா இருந்தார். ஒரு கந்தோரில் அவர் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“நேவிக்குள்ள போன காணிகளைப் பற்றி விவரம் எடுத்து அனுப்பச் சொல்லி இருக்காங்க. உறுதி கையில இல்லாட்டியும் பரவாயில்ல. பதிவுக் கந்தோரில பிரதி எடுக்கலாம். உடன கிடைக்கும் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா உங்கட அலுவலை நான் எடுக்கிறன்.” பேனையைத் திறந்தார். “முழுப்பேரைச் சொல்லுங்க.”

அக்கா வாயைத் திறந்தார். பேரைச் சொல்லாமல் மூடினார். சீலைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றினார். இத்தனை வருஷம் அவர் கேட்ட கேள்விக்கு முதல்முறையாக ஒரு மனிதர் பதில் சொல்லியிருக்கிறார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோனார். திரும்பித் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரில் சாய்ந்து, வெளியே வாகனச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

“வேண்டாம் ஐயா.”

“என்னம்மா?”

“அது நான் சும்மா கேட்டது. அதை விடுங்கோ.” எழும்பி நின்றார். “இந்தத் தம்பிக்குப் பிறப்புப் பதிய ஒரு கையெழுத்து வேணும். அந்த ஓமை இவருக்குத் தாங்கோ.”

“ரெண்டையும் பார்ப்பம் அம்மா. ஒண்டுக்கு ஒண்டு தடையில்ல.”

“இல்லை ஐயா. தம்பியின்டதைப் பாருங்கோ. மற்றது வேண்டாம்.”

அதிகாரி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது விளக்குவேன் என்பதுபோல. எனக்கு அந்த நேரம் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் தெரியவில்லை. அவர் தம்பியிடம் சில கேள்விகள் கேட்டார், என்னிடம் சில கேட்டார், வாசித்தார், கையெழுத்து வைத்தார். அக்கா அது காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது மாமரத்து வளைவில் அவர் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அந்த மனுசன் ரெண்டையும் செய்து தந்திருப்பார்.”

“அவர் புதுசு. அவருக்குத் தெரியாது.”

“அடுத்த கிழமை போய் உங்கடதைக் கேளுங்கோ. நான் கூட வாறன்.”

“காணி எங்கயும் ஓடாது, பிள்ளை. தம்பியைத்தான் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்.” பிறகு சிரித்தார். “அதைத் தந்திட்டால் நான் கந்தோரில போய் எதைக் கேட்கிறது?”

பகிடியா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகும் இரண்டு மூன்று தரம் கேட்டுப்பார்த்தேன். “போவம், போவம்” என்றார். அதற்கிடையில் துளசிக்காரரும் மாறிப் போனார். அவருடைய கதிரைக்கு வந்தவர் உறுதியான இல்லைக்காரர். அக்காவுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

தம்பிக்கு அட்டை வந்தது. அதன் பிறகு நடந்த சுற்றிவளைப்பு ஒன்றில் கோயில் வெளியில் எல்லாப் பெடியன்களையும் இருத்தினார்கள். பின்னேரம் அவன் நடந்து வீட்டுக்கு வந்தான். அம்மா அன்று அக்காவின் காலில் விழப்போனார். அக்கா இரண்டு எட்டுப் பின்னால் போய், “என்ன கூத்து இது, அடுப்பில அப்பச்சட்டி கிடக்கு” என்று ஓடிவிட்டார். தம்பி பிறகு கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போனான். அந்த மனுஷிக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. அது எனக்கு எப்போதும் தெரியும்.

கொஞ்சம் ஓய்ந்திருந்த சண்டை திரும்பவும் மூண்டபோது ஒழுங்கை பாதி வெறுமையாகியது. குச்சவெளிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மன்னாருக்குப் போய் இந்தியாவுக்கு வள்ளமேறத் தீர்மானித்தது. வழியில் பல இடங்களில் பாஸ் எடுக்கவேண்டும். அதற்காக அக்காவையும் தங்களோடு வரச்சொன்னார்கள். அவர் இளநீலச் சீலையைக் கட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒருவர் சொன்னார். வள்ளம் சேரவில்லை என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேருமே நேரில் கண்டவர்கள் இல்லை.

அவருடைய கேள்வி எங்களோடு தங்கிவிட்டது. நான் அதை எடுத்துக்கொண்டேன். விதானையாரிடம் போனாலும், பாங்குக்குப் போனாலும், “துறைமுகத்துக்குப் பின்னால எங்கட அக்கான்ட காணி ஒண்டு இருக்கு, எப்ப விடுவீங்கள்?” என்று முதலில் கேட்பேன். அவர் இருந்திருந்தால் எனக்கும் அப்பம் நின்றிருக்கும். இல்லையென்பார்கள். எனக்கு ஒரு நிம்மதியாக இருக்கும். பிறகு என் அலுவலைக் கேட்பேன். பெரும்பாலும் நடந்தது.

சமாதானம் பேசிய நாட்களில் ஒருமுறை குழாய்த் தண்ணீர் கேட்டுப் பிரதேசக் கந்தோருக்குப் போனேன். சாவடியில் யாரும் இறங்கச் சொல்லவில்லை. மேசையில் ஒரு இளம் பெண் இருந்தார். வழக்கத்தில் கேட்டேன்.

“ஓம் அக்கா, அந்தக் காணியளின்ட விவரம் இப்ப எடுக்கிறம்” என்றார் அவர். “உறுதி இல்லாட்டிலும் எழுதலாம். சொந்தக்காரர் இல்லாட்டி, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொன்னாலும் போதும். கதிரையில இருங்கோ. சொந்தக்காரரின்ட முழுப்பேர் என்ன?”

“கச்சேரி அக்கா” என்றேன்.

அவர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒவ்வொருவரின் முழுப்பெயரும் தகப்பன் பெயரும் அக்காவுக்கு மனப்பாடம். பிறந்த இடம் மறந்தவர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அவரைப் பற்றி எனக்கும் நிறையத் தெரியும். மாமரத்தின் இனம் தெரியும். அலுமாரி எந்தச் சுவரோடு நின்றது என்று தெரியும். சாவடியில் அவர் தன் அட்டையை நீட்டுவதை எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதில் எழுதியிருந்ததை வாசித்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை. அம்மா செத்துப்போய்விட்டார். தம்பியைக் கேட்டால் அவனும் அக்கா என்றுதான் சொல்வான். அந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஒரு தருணம், துளசி வைத்த மேசைக்கு முன்னால் அவர் வாயைத் திறந்து மூடியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“பேரை விசாரிச்சுக்கொண்டு வாங்கோ அக்கா. நான் உங்கட அலுவலை எடுத்து வைக்கிறன்” என்றார் அந்தப் பெண். நல்ல பிள்ளை. உண்மையாகத்தான் சொன்னார். “வேற ஏதும் அலுவல் இருக்கோ?”

குழாய்த் தண்ணீர் மனு கைப்பைக்குள் இருந்தது.

“இல்லை” என்று சொல்லிவிட்டு, பையை மூடிக்கொண்டு எழும்பினேன்.